முப்பத்தொரு கழுத்துக்கு ஒரு குரல்

தூள்வாங்கியை நிறுத்தியதும் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பழகிப்போயிருந்தது. நிலவில், ஏழாம் பள்ளக் குடியிருப்பில், அந்த இயந்திரம் ஓடாத ஒவ்வொரு நிமிடமும் காற்றில் நிலாத்தூள் ஏறும். கண்ணாடிச் சில்லை மாவாக அரைத்தால் எப்படியிருக்கும், அப்படி. வெளியே மண் அள்ளப் போகிறவர்களின் உடையோடு உள்ளே வரும். எத்தனை உதறினாலும் போகாது. பூமியில் என்றால் காற்றும் தண்ணீரும் தூசியை உருட்டி மழுங்கடித்துவிடும். இங்கே உருட்ட யார் இருக்கிறார்கள்? அது நேரே தொண்டையில் போய் உட்கார்ந்து அறுக்கும். முதலில் காலையில் மட்டும் கரகரப்பு. அப்புறம் நாள் முழுக்க. எட்டோ பத்தோ வருடம் கழிந்து ஒருநாள் வாயைத் திறந்தால் வெறும் காற்று வரும். உயிருக்கு ஒன்றும் ஆகாது. குரல் மட்டும் போய்விடும்.

இதற்குப் பூமியில் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். குரல்பட்டை என்று பெயர். கழுத்தில் கட்டிக்கொண்டால் தொண்டைத் தசையின் அசைவைப் படித்து, நீங்கள் சொல்ல வருவதை உங்கள் குரலிலேயே சொல்லிவிடும். ஆனால் குரல் இருக்கும்போதே ஆறு மணி நேரம் பேசிப் பதிந்து அனுப்பிவிட வேண்டும். அங்கே பெரிய இயந்திரத்தில் அதை வார்த்து, பட்டைக்குள் வைத்து, எட்டு மாதம் கழித்து வருகிற சரக்குக்கலத்தில் திருப்பி அனுப்புவார்கள். பதியாமல் போன குரல் போனதுதான்.

குரல் போனால் என்ன, பேசாமல் வேலை செய்யக்கூடாதா என்று கேட்பீர்கள். வெளியே பள்ளத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி உடை. முகத்தை மறைக்கிற பொன்பூச்சுக் கண்ணாடி. இன்னார் என்று தெரிவது காதில் விழுகிற குரலை வைத்துத்தான். குரல் இல்லாதவரைப் பள்ளத்தில் இறக்கக்கூடாது என்று சட்டம், பூமிக்கு ஏற்றிவிடுவார்கள். பத்து வருடம் இந்த லேசான எடையில் வாழ்ந்த எலும்பு அங்கே போய் எத்தனை நாள் நிற்கும்? எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஆகவேதான் குரல் பதிகிற சொற்பேழை வந்து இறங்கிய அன்று, தூளையும் பொருட்படுத்தாமல் கூடம் நிறைந்திருந்தது.

"மத்த கம்பியில எல்லாம் மண்ணள்ளியோட இரைச்சல் ஏறி வருது," என்றான் மின்சாரத்தைக் கவனிக்கிற அருளப்பன், கம்பியின் முனையைச் சீவியபடி. "அதுல மாட்டுனா குரலுக்கு அடியில ஒரு முனகலும் சேந்து பதிஞ்சிரும். சுத்தமான மின்சாரம் வாரது தூள்வாங்கிக்குப் போற கம்பி ஒண்ணுலதான். அதை நிறுத்திட்டு அந்த இடத்துல இதை மாட்டுதேன். அதோட சத்தமும் இருக்காது."

"ஒரு ஆளுக்கு ஆறு மணி நேரம். அருளப்பனையும் சேத்து வெளிவேலைக்காரங்க முப்பத்தொரு பேரு," என்று கணக்குப் போட்டாள் வடிவு. வெளியே போகிறவர்களோடு வானொலியில் பேசிக்கொண்டிருக்கிற செய்திமேடை வேலை அவளுக்கு. "நூத்தி எண்பத்தாறு மணி நேரம் எல்லாரும் தூளைத் திங்கணுமாக்கும்."

"தொண்டையக் காப்பாத்தத் தொண்டையவே குடுக்கோம். நல்ல பேரம்," என்று சிரித்தார் மேஸ்திரி தவசி. சிரிப்பு பாதியிலேயே இருமலாகிவிட்டது. முப்பத்தொரு பேரில் தொண்டை அதிகம் தேய்ந்தது அவருக்குத்தான்.

புது இயந்திரத்துக்குப் பொட்டு வைக்காமல் மின்சாரம் கொடுக்கிற வழக்கம் ஏழாம் பள்ளத்தில் கிடையாது. காற்றுப் பம்பு, கதவுகள், மண்ணள்ளி, எல்லாவற்றின் நெற்றியிலும் சந்தனம் காய்ந்துபோய் இருக்கும். தவசியின் மனைவி இசக்கி, பூமியிலிருந்து கொண்டுவந்த சந்தனத்தூளில் மிச்சமிருந்ததைக் குழைத்து எடுத்துவந்தாள். பேழை ஒரு சோற்றுத் தூக்குப் பெரிசு. முகத்தில் காசளவு வட்டத்தகடு ஒன்று.

"நீ வைட்டி வடிவு. நீதான ஒக்காந்து பதியப்போறே," என்றாள் இசக்கி. "ஓரத்துல வைக்காத. நடுவுல, நெத்தியில வைக்க மாதிரி வையி."

வடிவு நடுவில் வைத்தாள். மேலே குங்குமமும் அழுத்தினாள். குடியிருப்புக்குள் சூடம் கொளுத்தக்கூடாது. அருளப்பன் தன் கைவிளக்கை எரியவிட்டு மூன்று சுற்றுச் சுற்றினான். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அப்புறம்தான் கம்பியை மாட்டினான். சிவப்பு எரிந்தது, மஞ்சள் ஆயிற்று, வடிவு "ஆங், வந்துட்டு" என்றதும் பச்சையானது.

"பச்சை எரிஞ்சா அதுக்குக் காது கேக்குதுன்னு அர்த்தம்," என்றான் அருளப்பன். முதலில் ஒரு நிமிடம் பதிந்து பூமிக்கு அனுப்பி, அங்கிருந்து கேட்டுச் சொல்லச்சொல்லுங்கள் என்று வழிகாட்டி ஏட்டில் போட்டிருந்தது. அதற்கு வானொலிக் கம்பத்தைப் பூமிப் பக்கம் திருப்ப வேண்டும்; அரைநாள் மண்ணள்ளிகளை நிறுத்தினால்தான் அதற்கு மின்சாரம் கிடைக்கும். "பச்சைதான் எரியுதே," என்று அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டான்.

பதிவு தொடங்கியது. பூமியிலிருந்து வந்த வாசகங்கள் பொடி எழுத்தில் இருந்தன. தூள் பட்ட கண்களுக்கு அவை பிடிபடவில்லை. ஆகவே வடிவு பேழைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு வாசகமாகச் சொல்வாள். முன்னால் உட்கார்ந்தவர் அதைத் திருப்பிச் சொல்வார்.

"கடலில் அலை அடிக்கிறது."

"கடலில் அலை அடிக்கிறது," என்றார் தவசி. "எந்தக் கடல்ல தாயி? இங்கன எட்டிப் பாத்தாக் குழிதான் தெரியுது."

"அண்ணாச்சி, அதெல்லாம் பேசாதிய. அதுவும் பதிஞ்சிரும்."

"பதியட்டும். பட்டையக் கட்டுனப் பொறவு நான் கேலி பேச வேண்டாமா?"

அவருடைய ஆறு மணி நேரமும் இசக்கி வாசலிலேயே நின்றாள். முடிந்ததும் உள்ளே வந்து வடிவின் காதருகே கேட்டாள்: "அவுக என்னியக் கூப்புடுவாகல்லா, இசக்கீன்னு, கடைசியில கொஞ்சம் இழுத்து. அது அதுக்குள்ள வந்திருக்குமாட்டி?"

"அப்படியே இருக்கும் மதினி."

"அது ஒண்ணு போதும். மத்ததெல்லாம் எப்படி இருந்தா எனக்கென்ன."

நூற்று எண்பத்தாறு மணி நேரமும் வடிவு அந்தத் தூளில் உட்கார்ந்திருந்தாள். மற்றவர்களுக்கு ஆறாறு மணி, அவளுக்கு அத்தனையும். கடைசி ஆளைப் பதிந்து முடித்தபோது அவள் குரலும் கரகரத்திருந்தது. தனக்கும் ஒரு பட்டை வேண்டுமென்று, அவள் பேழைக்கு முன்னால் வந்து உட்காராமலே, இருந்த இடத்திலிருந்து தனக்கான வாசகங்களைச் சொல்லிப் பதிந்துகொண்டாள்.

சரக்குக்கலம் பதிவுகளை ஏற்றிக்கொண்டு போயிற்று. மூன்றாம் மாதம் தவசியின் குரல் முழுசாகப் போய்விட்டது. பட்டைக்காகப் பெயர் கொடுத்தவர்களைத் திருப்பி அனுப்பாமல் காத்திருக்க அனுமதி இருந்தது. அவர் சாடையிலே பேசினார். இசக்கி சாடையிலே சிரித்தாள். பதிவு நாட்களில் தின்ற தூளும் சேர்ந்துகொள்ள, ஒவ்வொருவராக வாயடைந்தார்கள். கூடத்தில் சாப்பாட்டு நேரத்தில் தட்டுச் சத்தம் மட்டும் கேட்கும். அருளப்பன் அதைத் தாங்கமாட்டாமல் தானாகப் பேசிக்கொண்டிருப்பான். ஆறாம் மாதம் அவனுக்கும் போயிற்று.

எட்டாம் மாதம் வடிவுடையதும் சேர்த்து முப்பத்திரண்டு பட்டைகள் வந்தன. முதலில் தவசிக்குக் கட்டினார்கள். இசக்கி தலைவாரிப் பொட்டு வைத்து எதிரே வந்து நின்றாள். கூடத்தில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

தவசி வாயைத் திறந்தார்.

"இசக்கி," என்றது வடிவின் குரல்.

எல்லோரும் வடிவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வாய் மூடியிருந்தது. ஓரத்திலிருந்து யாரோ சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்தார். பட்டை மாறிவிட்டது என்று நினைத்திருப்பார். இரண்டாவது ஆளுக்குக் கட்டினார்கள். "என்னய்யா இது?" என்றது வடிவின் குரல். மூன்றாவது ஆளுக்கு, நான்காவது ஆளுக்கு. அதற்குமேல் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அன்று மாலையே அருளப்பன் பேழையை உடைத்துப் பார்த்தான். வட்டத்தகட்டின் நடுவில் குண்டூசி முனையளவு துளை ஒன்று இருந்தது. அதுதான் காது. சந்தனம் உள்ளே இறங்கிக் கல்லாகிவிட்டிருந்தது. பேழைக்குப் பின்புறமும் ஒரு காது உண்டு. சுற்றுச் சத்தத்தைக் கேட்டு அதைக் கழித்துவிடுவதற்காக வைத்தது. பேழையை யாராவது தெரியாமல் திருப்பி வைத்துவிட்டால் பாவம் என்று, முன்காது கேட்காதபோது பின்காதை முன்காதாக வைத்துக்கொள்ளும்படி செய்திருந்தார்கள். இரக்கப்பட்டுச் செய்த ஏற்பாடுதான். ஆகவே பேழை நூற்று எண்பத்தாறு மணி நேரமும் பக்கத்தில் இருந்த வடிவைக் கேட்டுக்கொண்டது. எட்ட இருந்து வந்த கரகரத்த குரல்களையெல்லாம் சுற்றுச் சத்தமென்று கழித்துவிட்டது.

பூமிக்கு எழுதினார்கள். மறுபடி ஆறு மணி நேரம் பதிந்து அனுப்பினால் மறுபடி வார்ப்போம் என்று பதில் வந்தது. பதிய எந்தத் தொண்டையில் குரல் மிச்சமிருந்தது? ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் பழைய பதிவுகள் கேட்டார்கள். அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று கல்யாண வீட்டு இரைச்சலோடு வந்தன. அருளப்பன் பட்டைகளின் சுருதியை இறக்கிப் பார்த்தான். வடிவுக்குச் சளி பிடித்தது போல இருந்தது, அவ்வளவுதான்.

பட்டையில் குரல் இருக்கிறது. ஆகவே சட்டப்படி வேலைக்குத் தகுதி உண்டு. கழற்றிவிட்டால் பூமிக்குப் போகவேண்டும். கட்டிக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் ஏழாம் பள்ளத்தில் நடந்ததை எப்படிச் சொல்வது? இரண்டு பேர் சண்டை போட்டால் ஒரே பெண் தன்னைத்தானே திட்டிக்கொள்வது போல இருக்கும். வடிவைத் திட்ட வந்தவர்களும் அவள் குரலில்தான் திட்டினார்கள்.

"உன் கையி வெளங்குமாடி? பொட்டு வைக்க வேற எடம் கெடைக்கலியா?"

நடுவில் வைக்கச் சொன்னது யார் என்று வடிவு ஒருபோதும் வாயைத் திறக்கவில்லை. சொல்ல வேண்டியவளும் சொல்லவில்லை. மிச்சமிருந்த தன் குரலில் வடிவு குசுகுசுவென்று வானொலியில் பேசி வேலையை நடத்தினாள். தனக்கு வந்த பட்டையைப் பெட்டியிலிருந்து எடுக்கவேயில்லை. தன் குரல் ஒன்றாவது தன் தொண்டையிலிருந்து வரட்டும் என்று இருந்தாள்.

மற்ற வீடுகளில் போகப்போகப் பழகிக்கொண்டார்கள். பேச்சின் வேகம், இடையில் விடுகிற மூச்சு, அடிக்கடி வருகிற ஒரு சொல், இவற்றை வைத்து இது என் வீட்டுக்காரர், இது என் மகள் என்று கண்டுகொள்ளக் காது பழகிற்று. இசக்கி மட்டும் பழகவில்லை.

"வீட்டுக்குள்ள அதைக் கழத்திட்டு வாங்க," என்று சொல்லிவிட்டாள். "உங்க வாயில இன்னொருத்தி பேசுத பேச்சு எனக்கு வேண்டாம்."

தவசி வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருவார். அந்தக் குரலில் அவர் பத்து வார்த்தை பேசி அவள் கேட்டிருக்கமாட்டாள்.

அன்று பதினொரு பேர் மூன்று இடங்களில் வேலைக்கு இறங்கியிருந்தார்கள். வடக்குச் சரிவில் நாலு, நடுக்குழியில் நாலு, கீழ்க்கரையில் மூன்று. தவசி கீழ்க்கரையில். வானொலியில் பேசும்போது பெயர் சொல்லிவிட்டுத்தான் பேசவேண்டும் என்று புதுச் சட்டம் போட்டிருந்தார்கள். யார் அழைக்கிறார் என்று எண் காட்டுகிற பலகை ஒன்று முன்பு இருந்தது. குரலே தெரியும்போது இது எதற்கு என்று, மின்சாரம் மிச்சம் பிடிக்க அருளப்பன் கழற்றி, உறுப்புகளைப் பம்புக்குப் போட்டு நாலு வருடம் ஆகியிருந்தது. பட்டை வந்தபின் பேச்செல்லாம் பதியவேண்டும் என்று பூமியிலிருந்து உத்தரவு. சுத்தம் செய்த சொற்பேழையைச் செய்திமேடையில் மாட்டியிருந்தான். அது இப்போது நன்றாகவே பதிந்தது.

உச்சி வெயில் நேரம். வடிவின் காதில் அவளுடைய குரலே அலறிற்று.

"சரிஞ்சிட்டு! மேல சரிஞ்சிட்டு! காலு மாட்டிக்கிட்டு... காத்துக்குழாய் கசியுது..."

"யாரு?" என்றாள் வடிவு. மிச்சமிருந்த குரலும் போய், அவள் தொண்டையிலிருந்து மூச்சுதான் வந்தது. வானொலி அதை எடுக்கவில்லை. பெட்டியை இழுத்துத் தன் பட்டையை எடுத்துக் கழுத்தில் கட்டினாள். "யாரு பேசுதது? பேரச் சொல்லுங்க!"

"யாரு? யாருய்யா அது?" என்று மற்ற இடங்களிலிருந்தும் அதே குரல் கேட்டது.

"நான்தான்," என்றது அலறிய குரல்.

வலியில் துடிக்கிறவருக்குச் சட்டமா நினைவிருக்கும்? ஐம்பது வருடமாக யாரென்று கேட்டால் நான்தான் என்று சொல்லிப் பழகிய வாய்.

"பேரச் சொல்லுங்க!"

"நான்தான், நான் நல்லாத்தான் இருக்கேன், இது வேற யாரோ." "நான் நடுக்குழி, இங்கன யாருக்கும் ஒண்ணுமில்ல." "மண்ணு விழுதுய்யா..." "யாருக்கு?" "எனக்குத்தான்..." எல்லாம் ஒரே குரல். எது கேட்கிறது, எது பதில் சொல்கிறது என்று பிரிக்க முடியவில்லை.

சத்தம் கேட்டு இசக்கி செய்திமேடைக்கு ஓடிவந்தாள். வடிவு அவளைப் பிடித்து ஒலிபெருக்கியருகே நிறுத்தினாள்.

"கேளுங்க மதினி. அண்ணாச்சியா இது? நீங்கதான் சொல்லணும். கீழ்க்கரையா, வடக்கா?"

"இசக்கி... இசக்கி இருக்காளா அங்கன..." என்றது குரல், மூச்சு வாங்க.

நிலவறைத் தோட்டத்தையும் சமையலையும் கவனிக்கிற இசக்கியை ஊரில் எல்லோரும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கடைசி எழுத்தில் இழுப்பு இல்லை. மூச்சில்லாதவர் எங்கே இழுப்பார்?

"அவுக இல்லட்டி," என்றாள். "அவுக என்னிய இப்படிக் கூப்புட மாட்டாக. வடக்க இருக்கது யாரோ."

மீட்புவண்டி ஒன்றுதான் உண்டு. வடிவு அதை வடக்குச் சரிவுக்கு அனுப்பினாள். அங்கே நாலு பேரும் சுகமாக நின்றார்கள். வண்டி திரும்பிக் கீழ்க்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது, தவசியின் காற்றுப்பை காலியாகி இருபது நிமிடம் ஆகியிருந்தது. கூட இருந்த இருவரும் சரிந்த மண்ணுக்கு அந்தப் பக்கம், வானொலி எட்டாத இடத்தில் நின்று, கையால் மண்ணைத் தோண்டியபடி, வடிவின் குரலில் அழுதுகொண்டிருந்தார்கள்.

ஒரு வாரம் கழிந்தது. இசக்கி செய்திமேடைக்கு வந்து நின்றாள்.

"அவுக கூப்புட்டாகன்னு எழுதி வாங்கிக் குடு. எனக்கு வேற எதுவும் வேண்டாம். கூப்புட்டும் யாரும் போகலன்னு ஒரு ஏட்டுல இருக்கணும். அவுக பேச்சு போகவேண்டிய எடத்துக்குப் போகணும்."

பதிவு பூமிக்குப் போயிற்று. விசாரணை இயந்திரம் கேட்டது. ஒன்பது நாளில் அறிக்கை வந்தது. கூடத்தில் அருளப்பன் அதைப் படித்தான். அவனுக்கு வந்த பட்டையும் அதே வார்ப்புத்தான்.

"பதிவு முழுவதிலும் ஒரே ஒருவருடைய குரல் காணப்படுகிறது," என்று வடிவின் குரல் படித்தது. "அவர் செய்திமேடைப் பணியாளர் வடிவு. அவர் தமக்குத் தாமே பேசிக்கொண்டிருக்கிறார். இறந்த தவசி அன்று உதவி கேட்டு அழைத்ததற்குச் சான்று இல்லை."

வடிவு எழுந்தாள். கம்பத்தைத் திருப்பச் சொன்னாள். இந்த முறை அருளப்பன் மண்ணள்ளிகளை நிறுத்தினான். எழுத்தில் அனுப்பினால் வாக்குமூலமாக எடுக்கமாட்டார்கள், குரலில்தான் அனுப்பவேண்டும். அவள் பட்டையைக் கட்டிக்கொண்டு நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள்.

"என் பெயர் வடிவு. அன்று உதவி கேட்டு அழைத்தது நான் இல்லை. அழைத்தவர் மேஸ்திரி தவசி. எல்லாப் பட்டைகளிலும் என் குரல் இருக்கிறது. அது ஏன் என்று பட்டைகள் வந்தபோதே எழுதியிருக்கிறோம். அழைத்தது நான் இல்லை. அவர்தான் அழைத்தார்."

மூன்று நாள் இசக்கி சாப்பிடாமல் செய்திமேடை வாசலில் உட்கார்ந்திருந்தாள். நான்காம் நாள் பதில் வந்தது. அதை வடிவே படிக்கவேண்டியிருந்தது.

"வாக்குமூலம் பெறப்பட்டது. குரல் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது. பதிவில் உதவி கேட்டவரும் வாக்குமூலம் அளித்தவரும் ஒருவரே. உதவி கேட்டவரே தாம் அழைக்கவில்லை என்று தெளிவாகக் கூறிவிட்டதால் விசாரணை முடித்துவைக்கப்படுகிறது."

வடிவு பட்டையை அவிழ்த்து மேடைமேல் வைத்தாள். இசக்கியின் அருகே போய்த் தரையில் உட்கார்ந்தாள். அவள் கையைப் பிடிக்கலாமா என்று தெரியாமல் தன் கைகளையே கோத்துக்கொண்டாள்.

இசக்கிதான் பேசினாள். அவளுக்கும் குரல் கரகரக்கத் தொடங்கியிருந்தது.

"பூமியில இருக்கவங்கள எதுக்குட்டி குத்தஞ்சொல்லணும். அந்த இயந்திரத்துக்கு அவுகளத் தெரியாது. இருபத்தாறு வருஷம் கூட இருந்தவ, நான்தான பக்கத்துல நின்னு கேட்டேன். அவுக இல்லன்னு நானும்தான சொன்னேன்."